யாருடைய துஆவுக்குப் பெய்த மழை

ஒக்டோபர் பாதி கழிந்தும் மழை வரவில்லை என்றால் எங்கள் கடற்கரை ஊர்களில் எல்லோரும் வானிலை அதிகாரிகளாகிவிடுவார்கள். மீன் வாங்கப் போனால் மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வானத்தைக் காட்டிப் பாடம் நடத்துவார். கல்முனைக்கு பஸ்ஸில் போனால் பக்கத்துச் சீட்டுக்காரி தன் முழங்கால் வலியை வைத்து மழை எப்போது வரும் என்று சொல்லுவாள். என் வீட்டிலும் ஓர் அதிகாரி இருந்தார். அவருடைய போனில் மூன்று வானிலைச் செயலிகள் இருந்தன. மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும். மழை வரும் என்று எது சொல்கிறதோ அதை மட்டும் அவர் நம்புவார். மற்ற இரண்டுக்கும் தொழில் தெரியாது என்பார்.

அந்த அதிகாரி என் கணவர். கட்டாரில் பவுசர் என்கிற தண்ணீர் லொறி ஓட்டியவர். தண்ணீரே இல்லாத நாட்டில் வருடக்கணக்கில் தண்ணீரைக் கொண்டு திரிந்துவிட்டு, இனிப் போதும் என்று வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவர் என் வயலுக்குப் போடியார், அதாவது வயல் முதலாளி, ஆனார். என் வயல் என்று நான் சொல்வது பெருமைக்காக இல்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்ணுக்குத்தான் சீதனமாக வரும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். ஆகவே சட்டப்படி நான்தான் போடியார். ஆனால் எங்கள் ஊரில் சேலை கட்டிய போடியாருக்கு யாரும் வரம்பில் வழிவிடுவதில்லை.

வந்த முதல் வருடம் பூச்சி அடித்தது. இரண்டாவது வருடம் வெள்ளம் அடித்தது. மூன்றாவது மாரிக்கு முன்னால் ஒருநாள் சோறு சாப்பிடும்போது அவர் சொன்னார், "புள்ள, இந்தப் போகமும் வெள்ளாம விளையாட்டி நான் திரும்பப் போகத்தான் வேணும்."

"போறதெண்டா வரக்குள்ள நல்ல சொக்லேட் பெட்டி ஒண்டு வாங்கிட்டு வாங்க. போன தரம் கொண்டு வந்தது சரியில்ல," என்றேன்.

எனக்கு அப்படித்தான் வாய் வரும். சொல்லிவிட்டு, அவர் கேட்காமலே இன்னும் ஓர் அகப்பைச் சோறு வைத்தேன். எங்கள் மகள் பத்து வயது வரைக்கும் தன் வாப்பாவைப் போன் கண்ணாடிக்குள் பார்த்து வளர்ந்தவள். சிக்னல் போனால் வாப்பாவும் போய்விடுவார். இப்போது அவர் முற்றத்தில் இருமுவதும், செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிப் போடுவதும், சத்தமாகக் கொட்டாவி விடுவதும் எனக்குப் பெரிய செல்வமாக இருந்தன. அதை அவரிடம் சொல்லலாமா? சொன்னால் என்னைக் காய்ச்சல் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்.

விதைப்புக்கு முன் அதிகாரிகள் கூட்டம் வைத்தார்கள். குளிரூட்டிய மண்டபம், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். குளத்தில் தண்ணீர் குறைவு, இருப்பதைக் குடிக்க வைத்திருக்க வேண்டும், மழையை நம்பி விதையுங்கள் என்று ஒரு ஐயா அழகாக விளக்கினாராம். விளக்கி முடித்ததும் தன் போத்தலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மேசையில் விட்டுப் போனாராம். என் கணவர் அந்த மீதியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினார். அந்தக் கூட்டத்தால் எங்களுக்குக் கிடைத்த நீர்ப்பாசனம் அவ்வளவுதான்.

எங்கள் வட்டை, அதாவது எங்கள் வயல் கிடக்கும் வெளி, சம்மாந்துறையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. வாய்க்காலின் கடைசியில் கிடக்கிற வயல். மேலே உள்ளவர்கள் குடித்துக் கொப்பளித்து மிச்சம் விட்டால்தான் எங்களுக்கு. அதனால் எங்கள் வட்டையில் புழுதியில் விதைப்பதுதான் வழக்கம். காய்ந்த மண்ணை உழுது தூளாக்கி, அதற்குள் விதை நெல்லை எறிந்து மூடிவிட்டு மழைக்குக் காத்திருப்பது. நெல் புழுதிக்குள் தூங்கும். பெருமழை வந்தால் எழும்பும். மழை வரவில்லை என்றாலும் கொஞ்சக் காலம் பொறுமையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். மனிதர்களுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

வீட்டில் வைத்திருந்த விதை நெல் எல்லாவற்றையும் அவர் எறிந்தார். வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரர் வீரமுனையைச் சேர்ந்தவர், என் கணவரை விட வயதில் மூத்தவர். அவர் "எறியுங்க போடியார், வாடக் காத்து மணக்குது," என்றார். செயலியும் மழை என்றது. இருவரும் ஒரே கருத்தில் இருந்தது அந்த ஒருநாள்தான். விதைத்து முடிந்த அடுத்த நாள், மழையைக் கொண்டு வரும் அந்த வாடைக் காற்று இருந்த இடம் தெரியவில்லை. எப்போதோ நின்றிருக்க வேண்டிய கச்சான் காற்று திரும்ப வந்து, தோசைக்கல்லிலிருந்து எழும்புவது மாதிரிச் சூட்டை அள்ளி முகத்தில் வீசியது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகியது. பால் போடாத பிளேன்டியில் சீனியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். இனித்த உப்புத் தண்ணீர்தான் கிடைத்தது. தெருவுக்குப் பவுசர் வந்தது. என் கணவர் வாளியோடு வரிசையில் நின்று, பவுசர் ஓட்டிய பையனுக்கு எப்படிப் பின்னால் எடுப்பது என்று ஆலோசனை சொல்லி, அவனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இனி மழைத் தொழுகைதான் என்று ஊர் முடிவெடுத்தது. நல்ல முடிவு. எல்லோரும் பாவமன்னிப்புக் கேட்டு, பணிவாக, பழைய உடுப்போடு, திறந்த வெளியில் கூடி அல்லாஹ்விடம் கையேந்தித் துஆ கேட்கிற தொழுகை அது. எங்கள் ஊரில் இரண்டு தரப்பு உண்டு. பிறை கண்டாலும் இரண்டு, காணாவிட்டாலும் இரண்டு. வறட்சி மட்டும் இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. ஆகவே தொழுகையாவது ஒன்றாக இருக்கும் என்று நான் நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

முதல் தரப்பு கடற்கரைத் திடலில் வைத்தது. பழைய உடுப்போடு வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே அலுமாரியைக் கிளறியது. பழைய உடுப்பு யாரிடமும் இல்லை. போன வெள்ளத்துக்கு நிவாரணம் சேர்த்தபோது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். கடைசியில் எல்லோரும் பெருநாள் உடுப்பைக் கசக்கி உடுத்திக்கொண்டு வந்தார்கள். அறிவித்த பள்ளிவாசல் தலைவர், அவர் எனக்கு மச்சான் முறை, அதைக்கூடச் செய்யவில்லை. சட்டையின் மடிப்பில் கையை வைத்தால் வெட்டும், அப்படி ஸ்திரிபோட்டு வந்திருந்தார். அவருக்கும் பிரமுகர்களுக்கும் வெயில் படாமல் முன்னால் ஒரு தகரப் பந்தல். மழை கேட்க வந்த இடத்தில் தகரப் பந்தல்!

பெண்களுக்குப் பின்னால் இடம். தொழுகை முடிந்து இமாம் சால்வையைத் திருப்பிப் போட்டார். எங்கள் நிலைமையையும் இப்படித் திருப்பிவிடு என்று கேட்பதற்காக அது. ஆண்கள் எல்லோரும் தங்கள் சால்வையைத் திருப்பினார்கள். சால்வை கொண்டு வராதவர்கள் சட்டையைத் திருப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் என் முன்னால் ஊரின் முதுகுகளில் எல்லாம் கல்முனைக் கடைகளின் பெயர் ஒட்டிய சீட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் புறங்கையை வானத்துக்குக் காட்டி இமாம் அழ ஆரம்பித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு முன்னால் தூரத்தில் என் கணவரின் முதுகு குலுங்கியதைக் கண்டேன். யா அல்லாஹ், இண்டைக்கோ நாளைக்கோ மழையைத் தா என்று நானும் கேட்டேன். நான் உண்மையில் கேட்க வந்தது வேறு. இந்த மனிசனைத் திரும்பவும் என்னிடமிருந்து எடுக்காதே என்று கேட்க வந்தேன். பக்கத்தில் இருந்த பெண்களுக்குக் கேட்டுவிடுமோ என்ற வெட்கத்தில் மழையோடு நிறுத்திக்கொண்டேன்.

பந்தல் போட்ட தொழுகை செல்லாது என்று இரண்டாம் தரப்பு அன்று மதியமே சொல்லிவிட்டது. அடுத்த நாள் பாடசாலை மைதானத்தில் அவர்கள் வைத்தார்கள். பந்தல் இல்லை. மழைக்குத் தடையாக மேலே ஒன்றுமே இருக்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. அதனால் மேலே ட்ரோன் மட்டும் பறந்தது. என் கணவர் அதற்கும் போனார். "ரெண்டு பக்கமும் கேட்டு வைப்பம்," என்றார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மழை பெய்தது.

பெய்தது என்று எழுதும்போதே கை கூசுகிறது. கொடியில் கிடந்த உடுப்பு நனைந்தது. முற்றத்தில் வைத்த வாளியின் அடி மறைந்தது. தெருவிலே மண்வாசம் எழும்பியது. பிள்ளைகள் சட்டையைக் கழற்றி ஓடுவதற்குள் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு எங்கள் ஊர் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை. பள்ளித் தலைவர் வீடு வீடாக வந்து, "எங்கட துஆ கபூலாகிட்டு, அல்லாஹ் கேட்டுட்டான், கண்டீங்களா?" என்றார். நேற்றுக் கேட்டு நேற்றே பெய்யவில்லையே என்று நான் கேட்டதற்கு, "பெரிய காரியத்துக்கு ஒருநாள் எடுக்கும்," என்றார். இரண்டாம் தரப்புக்காரர்கள் ட்ரோனில் எடுத்த படத்தையும் மழைப் படத்தையும் ஒட்டி எல்லாருடைய போனுக்கும் அனுப்பினார்கள். வீரமுனையிலிருந்து முல்லைக்காரர் அழைத்து, "பிள்ளையாருக்கு மோதகம் படைச்சது செவ்வாய்க்கிழம, போடியார். அவரு ஆறுதலாத்தான் எழும்புவாரு," என்று தன் பங்கையும் பதிந்துவைத்தார். செயலிகள் மட்டும் பங்கு கேட்கவில்லை. மூன்றும் அன்று வெயில் என்றுதான் காட்டியிருந்தன.

"இந்த மழ வயலுக்குக் காணுமா?" என்று நான் கேட்டேன்.

"அல்லாஹ்ட ரஹ்மத்த அளக்கப்படாது புள்ள," என்றார் என் கணவர்.

அளக்காமல் இரண்டு தரப்பும் நன்றி செலுத்திக் கந்தூரி விருந்து கொடுத்தன, வெவ்வேறு நாளில், வெவ்வேறு மாட்டில். நான் இரண்டு புரியாணியையும் சாப்பிட்டேன். ஒன்றில் இறைச்சி நன்றாக வெந்திருந்தது. எந்தத் தரப்பு என்று சொன்னால் நான் ஊரில் இருக்க முடியாது.

சில நாளில் வயல் முளைத்தது. அவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். புழுதிக்கு மேலே ஊசி ஊசியாகப் பச்சை. உற்றுப் பார்த்தால் தெரியும், கண்ணை அரைவாசி மூடிப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அவர் வரம்பில் குந்தியிருந்து அதைத் தடவிக் கொடுத்தார். போனில் படம் எடுத்துக் கட்டாரில் இருந்த கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பினார்.

"இனி எனக்கு எங்கயும் போகத் தேவல்ல," என்றார்.

"அப்ப எனக்கு ஆரு சொக்லேட் அனுப்புற?" என்றேன்.

அவர் சிரித்தார். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. திரும்பி வரும்போது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தேன். காரைதீவுச் சந்தியில் தெரிந்தவர்கள் நிற்பார்களே என்ற எண்ணம்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு வெயில் வந்தது. வந்து அப்படியே குடியிருந்துவிட்டது.

புழுதியில் விதைத்தவனுக்கு வறட்சியை விட மோசமான எதிரி சின்ன மழை. மழையே இல்லாவிட்டால் நெல் புழுதிக்குள் தூங்கிக் கிடந்திருக்கும். இந்தச் சின்ன மழை அதைத் தட்டி எழுப்பிவிட்டு, சாப்பாடு கொடுக்காமல் போய்விட்டது. முளைத்த நெல்லைத் திரும்பத் தூங்கச் சொல்ல முடியாது. இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். முல்லைக்காரருக்குத் தெரியும், இரண்டு தரப்புக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எல்லோரும் அந்த மழைக்கு உரிமை கேட்டோம். அவசரமாகக் கந்தூரியும் கொடுத்தோம்.

ஊசிப் பச்சை மஞ்சளானது, பிறகு வைக்கோல் நிறமானது. என் கணவர் பவுசரில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றலாமா என்று ஒருநாள் யோசித்தார். வயலுக்குப் பவுசரில் தண்ணீர் ஊற்றுவது கடலுக்கு உப்புப் போடுகிற வேலை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் விலை கேட்டு வந்தார். முல்லைக்காரர் வயலில் இறங்காமல் வரம்பிலேயே நின்று, "நான்தானே எறியுங்க எண்டன் போடியார்," என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய சொந்தத் துண்டும் அதே வட்டையில்தான் கருகிக் கிடந்தது.

ஊரில் அந்த மழைக்கு இப்போது சொந்தக்காரர் இல்லை. பள்ளித் தலைவரைச் சந்தியில் கண்டு கேட்டேன், "மச்சான், அண்டைக்குப் பெஞ்ச மழ உங்கட துஆதானே?"

"சீச்சீ, அது மத்தாக்கள்ற," என்றார். "நாங்க கேட்டது பெரிய மழ."

இரண்டாம் தரப்பைக் கேட்டால் அது முதல் நாள் கேட்ட மழை, பந்தலுக்குக் கீழே இருந்து கேட்டதால் குறைந்து வந்தது என்றார்கள். வீரமுனைப் பிள்ளையாரும் சம்பந்தமில்லை என்று விலகிக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை பயான் சொற்பொழிவில், பெண்கள் கல்முனையில் உடுப்புக் கடை கடையாக ஏறி இறங்குவதால்தான் மழை தடைப்படுகிறது என்று ஒரு மௌலவி கண்டுபிடித்துச் சொன்னார். முன் வரிசையில் இரண்டு உடுப்புக் கடை முதலாளிகள் இருந்தார்களாம். அவர்களும் தலையை ஆட்டினார்களாம். இதை வந்து எனக்குச் சொன்னது என் கணவர்தான். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் செயலிகளைப் பார்ப்பதை நிறுத்தினார். பின்னேரங்களில் வயலுக்குப் போவதை நிறுத்தினார். செருப்பைக்கூட ஒழுங்காக ஒரு மூலையில் கழற்றி வைக்க ஆரம்பித்தார். விருந்தாளிகள்தான் அப்படி வைப்பார்கள்.

நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்து குசினி வாசலில் நின்றார். "பழைய கம்பனியில ஆள் எடுக்கிறானாம். கேட்டன். ஓம் எண்டுட்டான்."

"போங்க. அங்கயாவது தண்ணி இரிக்கும்," என்றேன்.

என் வாயில் என்ன இருக்கிறதென்று எனக்கே விளங்கவில்லை. போகாதீங்க என்பது ஒரே சொல். அது வரவில்லை. இத்தனை வருடமாகப் பழகிய பகிடி மட்டும் தானாக வந்தது. அவர் வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்து ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். பிறகு, "ஓம், அது சரிதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மீனை நான் செதில் எடுக்காமலே சட்டிக்குள் போட்டுவிட்டேன்.

விசா வந்தது. டிக்கெட் வந்தது. அவருக்குப் பிடிக்குமென்று முறுக்கும் மாசிச் சம்பலும் கட்டினேன். போகிற அன்று விடியற்காலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாடைக் காற்று வீசியது. விமான நிலையத்துக்குப் போகிற வேனில் சாமான் ஏற்றி, வழியனுப்ப நானும் மகளும் ஏறும்போது முதல் துளி விழுந்தது. கல்முனையைத் தாண்டும்போது தெருவில் தண்ணீர் ஓடியது. சம்மாந்துறைக்குள் வரும்போது வேனின் துடைப்பான்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. யாரும் தொழாத, யாரும் உரிமை கேட்காத மழை. அது தன் பாட்டுக்குக் கொட்டியது.

எங்கள் வட்டை வந்தது. மழைக்குள்ளே ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வயலில் இறங்கி நின்றார்கள். மண்வெட்டியால் வரம்பு கட்டினார்கள். இரண்டு இடத்தில் உழவு மிசின் ஓடியது. திரும்ப விதைக்கப் போகிறார்கள். அவர் கண்ணாடியை இறக்கினார். மழை அவர் முகத்தில் அடித்தது, துடைக்கவில்லை. வேன் எங்கள் வயலைத் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நல்ல மழ," என்றார். "இதுக்கு எறிஞ்சா முளைக்கும்."

பக்கத்தில் மகள் நித்திரையாகிவிட்டாள். நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். எத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தேனோ, அது ஒருவழியாக வெளியே வந்தது.

"இறங்குவம், இஞ்ச பாருங்க," என்றேன். "வேன நிப்பாட்டச் சொல்லுங்க. விதை நெல்லு நான் எங்கயாவது தேடி எடுத்துத் தாறன். நீங்க போகாதீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயல் கருகியதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கேட்டீங்களா தம்பி?" என்று வேன் சாரதியிடம் சொன்னார். "எயார்போட்டுக்குப் போற வழியிலயும் இவக்குப் பகிடிதான்."

கண்ணாடியை ஏற்றினார். அம்பாறை தாண்டும்வரை அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.